ஆல்பர்ட்டனிலிருந்து பர்மிங்காமுக்குப் படகில்: பயணத் தொடரை எங்கே தொடங்குவது?

கேள்வி: பழைய நேரோபோட் (கால்வாய்க்கான ஒடுக்கமான நீளப் படகு) ஒன்று வாங்கியிருக்கிறோம். ஜூலை கடைசியில் பள்ளி விடுமுறை விட்டதும் கணவர், இரண்டு பிள்ளைகளுடன் லண்டன் ஆல்பர்ட்டனில் இருந்து கிராண்ட் யூனியன் கால்வாய் வழியாக பர்மிங்காம் போகிறோம். போகும்போதே தமிழில் தொடராக எழுத ஆசை. இதுவரை எதுவும் எழுதியதில்லை. தினமும் ஒரு பகுதி எழுத முடியுமா? எங்கே தொடங்குவது?

பதில்: தினமும் முடியாது. கணக்குப் போட்டால் உங்களுக்கே தெரியும். கால்வாய் தொடங்கும் லண்டன் பிரென்ட்ஃபர்டிலிருந்து பர்மிங்காம் வரை பிரதான கால்வாய் 137 மைல், 166 லாக் (படகை ஏற்றி இறக்கும் கதவுத் தொட்டி). படகுக்காரர்கள் மைலையும் லாக்கையும் கூட்டி மூன்றால் வகுப்பார்கள்; வருவது மணிக்கணக்கு. 303-ஐ வகுத்தால் 101 மணி நேரம். நாளுக்கு ஆறு மணி நேரம் ஓட்டினாலும் 17 நாள். ஆல்பர்ட்டனில் புறப்படுவதால் தொடக்கத்து லாக்குகள் சில உங்களுக்கு மிச்சம். மழை, துணி துவைப்பு, பிள்ளைகளின் சண்டை எல்லாம் சேர்த்து மூன்று வாரம் வைத்துக்கொள்ளுங்கள். கோடையில் தண்ணீர் குறைந்தால் சில லாக்குகளை மூடிவிடுவார்கள். கால்வாய்களைப் பராமரிக்கும் கனால் அண்ட் ரிவர் டிரஸ்டின் அறிவிப்புகளை அவ்வப்போது பாருங்கள். ஒரு நாளில் பத்து லாக் ஏறி இறங்கிய பிறகு உங்களுக்குக் கட்டுரை வராது, தூக்கம்தான் வரும்.

அதனால் படகில் கட்டுரை எழுதாதீர்கள், குறிப்பு மட்டும் எடுங்கள். காலையில் படகை எங்கே அவிழ்த்தோம், எத்தனை லாக், எங்கே கட்டினோம், யார் என்ன சொன்னார்கள்: ஐந்தாறு வரி போதும். சொன்னதைச் சொன்னபடியே எழுதுங்கள். ஊர்ப் பெயரைப் பிறகு வரைபடத்தில் தேடிக்கொள்ளலாம். லாக்கில் பக்கத்துப் படகுக்காரர் சொன்ன வார்த்தை மறுநாளே மறந்துவிடும். குறிப்புக்கு ஒரு நோட்டும் பென்சிலும் வையுங்கள். என் முதல் பயணத்தில் எல்லாவற்றையும் போனில் எழுதினேன். நான்காம் நாள் லாக் கதவு மேல் நின்று படம் எடுக்கும்போது போன் நழுவித் தண்ணீருக்குள் போனது. மூன்று நாள் குறிப்பும் அதோடு போயிற்று.

எழுதும்போது 166 லாக்கையும் எழுதாதீர்கள். ஒன்றை மட்டும் எடுத்துப் பக்கத்தில் நின்று காட்டுங்கள். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்து படிப்பவருக்கு லாக் என்றால் பூட்டுதான். கல் தொட்டி, இரண்டு பக்கமும் கதவு. படகு உள்ளே வந்ததும் பின்கதவை மூடி, மேல்பக்கத்துத் தண்ணீரைத் திறந்துவிட்டால் படகு தானாக எழும்பும் என்று ஒரு பத்தியில் சொல்லுங்கள். அப்புறம் நுணுக்கத்துக்கு வாருங்கள்: விண்ட்லாஸ் என்ற இரும்புக் கைப்பிடியைச் சுற்றும்போது வரும் கடகடச் சத்தம், கதவின் நீண்ட மரத்தடியைக் கையால் தள்ளாமல் முதுகைச் சாய்த்து, காலை ஊன்றித் தள்ளும் விதம். இரண்டு பக்கமும் தண்ணீர் சமமாகும் வரை கதவு அசையாது. எவ்வளவு தள்ளியும் பயனில்லை, காத்திருக்கத்தான் வேண்டும். இந்த வழியில் பெரும்பாலான லாக்குகள் அகலமானவை, இரண்டு நேரோபோட் ஒட்டி நிற்கலாம். அந்தக் காத்திருப்பில்தான் பக்கத்துப் படகுக்காரரோடு பேச்சு தொடங்கும். உங்கள் படகிலிருந்து தாளிக்கும் வாசனை வந்தால் இன்னும் சீக்கிரமே தொடங்கும்.

தனிப் பகுதி கேட்கும் இடங்கள் இரண்டு. பிளிஸ்வொர்த் சுரங்கம்: 2,813 மீட்டர், அரைமணி நேர இருட்டு. 1805-ல் திறந்தது. உள்ளே நடைபாதை கிடையாது; அந்தக் காலத்தில் ஆட்கள் படகில் படுத்துச் சுவரைக் காலால் உதைத்தே நகர்த்தினார்கள். இன்னொன்று ஹாட்டன், ஒன்றன்பின் ஒன்றாக 21 லாக். மற்ற நாட்களில் இரண்டு மூன்றைச் சேர்த்து ஒரே பகுதியாக்கினால் குறையில்லை.

கழிப்பறை பற்றி இரண்டாம் பகுதியிலேயே எழுதிவிடுங்கள். எல்லோரும் அதைத்தான் கேட்பார்கள். பெட்டி நிரம்பியதும் தூக்கிக்கொண்டு போய் அதற்கென்று உள்ள இடத்தில் கொட்டுவது யார் வேலை என்று வீட்டில் நடக்கும் பேச்சுவார்த்தையே ஒரு பகுதிக்குத் தேறும்.

வெளியிடுவதை ஒரு வாரம் பின்தள்ளியே வையுங்கள். இன்று இரவு எங்கே கட்டியிருக்கிறோம் என்பது ஊருக்குத் தெரிய வேண்டாம், அதுவும் பிள்ளைகளோடு. வழியில் பழகியவர்களின் படத்தையோ படகுப் பெயரையோ அவர்களைக் கேட்காமல் போடாதீர்கள். ஒரு எச்சரிக்கை: இறங்குமுக லாக்கில் படம் எடுக்கவே எடுக்காதீர்கள். வழியில் வரும் டிரிங் மேட்டைத் தாண்டியதும் இறக்கம் தொடங்கும். மேல்கதவுக்கு உள்ளே தண்ணீருக்கு அடியில் ஒரு கல்படி நீட்டிக்கொண்டிருக்கும். அதைக் காட்டச் சுவரில் வெள்ளைக்கோடு இருக்கும். படகின் பின்பக்கம் அந்தக் கோட்டுக்கு முன்னால் நிற்காவிட்டால், தண்ணீர் இறங்கும்போது படியில் மாட்டிப் படகு கவிழும். அந்தப் பத்து நிமிடமும் கண் கோட்டிலேயே இருக்கட்டும்.

சரி, முதல் பகுதிக்கு ஜூலை வரை காத்திருக்க வேண்டாம். ஈலிங் ரோட்டில் காய்கறி வாங்க எத்தனை தடவை போயிருப்பீர்கள்! பக்கத்திலேயே ஓடும் அந்தத் தண்ணீர்தான் உங்களைப் பர்மிங்காமுக்குக் கொண்டுபோகப் போகிறது. இந்த வாரம் ஒரு மாலை கரைப்பாதையில் கிழக்கே நடந்து போங்கள். நார்த் சர்க்குலர் சாலைக்கு மேலே கால்வாய் பாலமாகக் கடக்கும் இடம் வரும். கீழே கார்கள் நெரிசலில் நிற்கும், மேலே வாத்துகள் போய்க்கொண்டிருக்கும். பிள்ளைகளையும் கூட்டிப்போங்கள், அங்கே நின்று அவர்கள் என்ன கேட்கிறார்களோ, அதிலிருந்து முதல் பகுதியைத் தொடங்குங்கள்.