பெயரைக் கேட்டால் மட்டும் நின்றுபோகும் பேச்சு

கேள்வி: எனக்கு வயது 34. சிறு வயதிலிருந்தே திக்குவாய். பாட்டி நாக்கில் வசம்பு தேய்த்துப் பார்த்தார்; ஆசிரியர் ஒருவர் கூழாங்கல்லை வாயில் அடக்கிப் பேசச் சொன்னார். வராத சொல்லுக்குப் பதில் வேறு சொல்லைப் போட்டுச் சமாளிப்பதால் அலுவலகத்தில் பலருக்கு இது தெரியாது. ஆனால் தொலைபேசியில் பெயரைக் கேட்டால் அப்படியே நின்றுவிடுகிறேன். இந்த வயதில் பேச்சுப் பயிற்சி பலன் தருமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கும்பகோணம்

பதில்: மற்றச் சொற்களுக்கு மாற்று உண்டு, பெயருக்கு இல்லை, அதனால்தான் திக்குவாய் உள்ளவர்களில் பலர் பெயரில் வந்து தடுமாறுகிறார்கள். குறை நாக்கில் இல்லை. பேச்சை ஒழுங்குபடுத்தும் மூளையின் செயல்பாட்டில் உள்ள வேறுபாடே அடிப்படை என்பதையும், அதில் பரம்பரைக்குப் பங்கு உண்டு என்பதையும் ஆய்வுகள் காட்டுகின்றன. பாகிஸ்தானியக் குடும்பங்களை ஆராய்ந்தவர்கள் 2010இல் இதற்குத் தொடர்புள்ள மரபணு மாற்றங்களைக் கண்டறிந்தார்கள். 1841இல் பெர்லினில் டிஃபென்பாக் என்ற அறுவை மருத்துவர் திக்குவாய்க்காரர்களின் நாக்கையே வெட்டிப் பார்த்தார். அதை நினைத்தால் உங்கள் பாட்டியின் வசம்பு எவ்வளவோ மேல்.

பயிற்சி பலன் தரும். ஆனால் பெரியவர்களுக்கு அது திக்கலை அடியோடு நீக்குவது அரிது. முழுமையாகக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்பவர்களிடம் போகாதீர்கள். அமெரிக்கப் பேச்சுப் பயிற்சி வல்லுநர் சார்லஸ் வான் ரைப்பர் வகுத்த முறையில், சிக்கிய சொல்லை எப்படியோ சொல்லி முடித்ததும் சற்று நிறுத்தி, அதே சொல்லை இறுக்கமின்றி மீண்டும் சொல்லப் பழகுவார்கள். அது கைவந்த பின் சிக்கலின் நடுவிலேயே இறுக்கத்தைத் தளர்த்தவும், பிறகு சொல்லைத் தொடங்கும் முன்பே தளரவும் கற்றுத் தருவார்கள். வேண்டுமென்றே திக்கிப் பேசும் பயிற்சியும் உண்டு. கேட்க விந்தையாக இருக்கும். ஆனால் உங்களைப் போல் மறைத்தே பழகியவர்களுக்கு இதுதான் மிகவும் தேவை என்பது என் கருத்து, ஏனெனில் உங்களைக் களைப்படைய வைப்பது திக்கலைவிட அதை ஒளிக்கும் ஓயாத வேலைதான்.

இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற்ற பேச்சுப் பயிற்சியாளரை நாடுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் விசாரித்தால் வழிகாட்டுவார்கள். மைசூரில் 1965 முதல் இயங்கும் அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனத்தையும் அணுகலாம். முதல் நாள் அவர்கள் உங்கள் பெயரைக் கேட்கும்போது அடையாள அட்டையை எடுத்து நீட்டாமல், எவ்வளவு நேரம் ஆனாலும் வாயாலேயே சொல்லுங்கள். நீங்கள் எங்கே, எப்படிச் சிக்குகிறீர்கள் என்பதைத்தான் அவர்கள் முதலில் பார்க்க வேண்டும்.