நீட்டிய கை

அன்புள்ள ஐயா,

16 வயதுப் பிள்ளைகளுக்கு எழுத்துப் பயிற்சி நடத்துகிறேன். 'கண்ணியம் என்றால் என்ன? உங்கள் அனுபவத்திலிருந்து எழுதுங்கள்' என்றேன். வந்த தாளெல்லாம் பேச்சுப்போட்டிக் கட்டுரை. ஒரு பையன் மட்டும் தனக்கு நேர்ந்த பெரிய அவமானத்தை எழுதியிருக்கிறான். அதை வகுப்பில் படித்துக்காட்டினால் மற்றவர்களும் மனம் திறப்பார்களா?

ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

பிள்ளைகள்மேல் தப்பில்லை. கண்ணியம் என்பது மேடைச் சொல். அதைச் சொல்லி யாரும் வீட்டில் அழுவதில்லை. 'என்னை ஒரு ஆளாவே மதிக்கல' என்றுதான் அழுவார்கள். அந்த வாக்கியத்தைக் கொடுத்து எழுதச் சொல்லுங்கள்.

'மானம்' என்றும் கேட்க வேண்டாம். குறளின் 97ஆம் அதிகாரம் அது. மயிர் நீங்கினால் உயிர் வாழாத கவரிமா வந்து நிற்கும். போனால் உயிரையும் விட வேண்டிய ஒன்றாகவே மானத்தைப் பேசிப் பழகிவிட்டோம். 1948இல் ஐ.நா. ஏற்ற மனித உரிமைப் பிரகடனத்தின் முதல் பிரிவோ, மனிதர்கள் எல்லாரும் கண்ணியத்திலும் உரிமைகளிலும் சமமாகவே பிறக்கிறார்கள் என்கிறது. கூடப் பிறந்ததை ஒருவன் மதிக்காமல் போகலாம், பிடுங்கிக்கொண்டு போக முடியாது. அவமானப்பட்டுத் தூங்காமல் கிடக்கும் பிள்ளைக்கு இந்த வித்தியாசம் தெரிந்தாக வேண்டும்.

ஒருமுறை நான், 'கைகள் என்ன செய்தன என்று மட்டும் எழுதுங்கள்' என்றேன். ஒரு பெண் நாலே வரி எழுதினாள். படிவம் வாங்க வரிசையில் நிற்கிறாள். முன்னால் நின்றவருக்குக் கையில் கொடுத்தார்கள். இவள் கை நீட்டினாள், படிவத்தை மேஜைமேல் தள்ளிவிட்டார்கள். நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டாளாம்.

எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. திருத்தினேன், கடைசியில் அழகாக ஒரு வரியும் சேர்த்தேன். படித்துவிட்டுச் சொன்னாள்: 'நல்லா இருக்கு சார். ஆனா இது நீங்க எழுதினது.' என் வரியை அடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். அதற்கப்புறம் எழுத்துப்பிழையோடு நிறுத்திக்கொள்கிறேன், அதுவும் கேட்டுவிட்டு.

அந்தப் பையன் எழுதியதை அவனைக் கேட்காமல் வகுப்பில் படித்துக்காட்டாதீர்கள். அவன் எழுதியது உங்களுக்கு, வகுப்புக்கு இல்லை. தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். நாலு பேர் முன்னால் கேட்டால் 'வேண்டாம்' என்று சொல்ல வாய் வராது. சரி என்றாலும் ஒரு வாரம் ஆறப்போட்டு மறுபடி கேளுங்கள். அந்தக் கொடுமை இன்னும் நடந்துகொண்டிருந்தால் இது கதை விவகாரமே இல்லை. உதவக்கூடியவர்களிடம் போக வேண்டும், போவதற்கு முன் அவனிடம் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. காயத்தை மட்டுமே கேட்டால், பெரிய காயம் வைத்திருப்பவன்தான் நல்ல எழுத்தாளன் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்ளும். தன்னை மதித்த ஒரு ஆளைப் பற்றியும் எழுதச் சொல்லுங்கள். பிறகு, தான் யாருடைய நீட்டிய கையைப் பார்க்காத மாதிரி இருந்தோம் என்று. இதற்கு மட்டும் முதல் தாள் உங்களுடையதாக இருக்கட்டும்.