புகைப்படக்காரர் ஏன் தூக்கவில்லை? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் அரசுப் பள்ளி ஆசிரியர். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் வாரம் ஒரு கதை சொல்வது வழக்கம். போன வாரம் வாட்ஸப்பில் வந்த கெவின் கார்ட்டர் கதையைச் சொன்னேன். சூடான் பஞ்சத்தில் சுருண்டு கிடக்கும் குழந்தை, பின்னால் காத்திருக்கும் கழுகு, அதைப் படமெடுத்துப் புலிட்சர் பரிசு வாங்கியவர். “அங்கே இரண்டு கழுகுகள் இருந்தன, ஒன்றின் கையில் கேமரா இருந்தது” என்று யாரோ பேட்டியில் கேட்டுவிட, குற்ற உணர்ச்சியில் உயிரை விட்டார் என்று கதை முடியும். சொல்லி முடித்ததும் ஒரு மாணவி எழுந்து, “சார், அவர் படம் எடுக்கலன்னா நமக்கு இந்தப் பஞ்சமே தெரிஞ்சிருக்காதே?” என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. மனிதாபிமானம் முதலா, தொழில் முதலா? உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

இரா., விருதுநகர் மாவட்டம்

*

அன்புள்ள இரா.,

அந்த மாணவிக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள். கூட்டத்தில் எழுந்து ஆசிரியரிடம் அப்படிக் கேட்பது சின்ன விஷயமில்லை.

அந்த வாட்ஸப் கதை எனக்கும் பலமுறை வந்திருக்கிறது. அதில் பாதி நடந்தது, மீதி யாரோ நீதி சொல்வதற்காகச் சேர்த்தது. 1993 மார்ச்சில், இன்றைய தெற்கு சூடானில் இருக்கும் அயோட் என்ற ஊருக்குக் கார்ட்டரும் அவர் நண்பர் ஜுவாவ் சில்வாவும் ஐ.நா.வின் உணவு விமானத்தில் போய் இறங்குகிறார்கள். விமானம் வந்ததும் பெற்றோர்கள் பிள்ளைகளைக் கீழே விட்டுவிட்டு உணவு வாங்க ஓடினார்கள் என்று சில்வா பிறகு சொன்னார். படத்தை இன்னொரு முறை உற்றுப் பாருங்கள், குழந்தையின் வலது மணிக்கட்டில் ஒரு பிளாஸ்டிக் வளையம் தெரியும். உணவு முகாமில் மாட்டிவிடுவது அது, மிகவும் மெலிந்துபோனவர்களுக்கு ஓர் எழுத்து, கொஞ்சம் கூடுதல் உணவு கொடுத்தால் போதும் என்பவர்களுக்கு வேறு எழுத்து. ஆக, அது முகாமில் ஏற்கெனவே பதிவான குழந்தை, யாரும் இல்லாமல் வனாந்தரத்தில் கிடந்த குழந்தை இல்லை. கழுகு சிறகை விரிக்குமா என்று இருபது நிமிடம் காத்திருந்ததாகக் கார்ட்டரே சொன்னதாகப் பதிவு இருக்கிறது, அப்புறம் அதை விரட்டியிருக்கிறார். அந்தக் காத்திருப்பு எனக்கும் உறுத்தத்தான் செய்கிறது. ஆனால் சாகவிட்டுப் போனார் என்பது வேறு குற்றச்சாட்டு, அதற்கு ஆதாரமில்லை. 2011இல் ஒரு ஸ்பானியப் பத்திரிகையாளர் அயோட்டுக்கே போய் விசாரித்தபோது, உலகம் பெண் குழந்தை என்று நினைத்திருந்தது ஆண் பிள்ளை என்றும், அவன் பஞ்சத்தைத் தாண்டி வளர்ந்து, 2007 வாக்கில் காய்ச்சலில் இறந்தான் என்றும் அவன் தகப்பனார் சொல்லியிருக்கிறார்.

இரண்டாவது கழுகு என்ற வசை அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலப் பத்திரிகை ஒன்றில் எழுதப்பட்டது. கார்ட்டர் 1994 ஜூலையில், 33 வயதில், தன் உயிரை மாய்த்துக்கொண்டார். விட்டுப்போன குறிப்பில் கடன் இருந்தது, வாடகைக்குப் பணமில்லாதது இருந்தது, வருடக்கணக்காகப் பார்த்த கொலைகளும் பிணங்களும் பசித்த, காயம்பட்ட குழந்தைகளும் இருந்தார்கள், அப்புறம் கென் என்ற பெயர். கென் ஊஸ்டர்ப்ரூக் அவருடைய நெருங்கிய நண்பர், புலிட்சர் அறிவிப்பு வந்த சில நாட்களில் ஜோஹன்னஸ்பர்க் அருகே தொகோசாவில் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது சுடப்பட்டு இறந்தவர். இத்தனையையும் ஒரு பேட்டிக் கேள்விக்குள் அடக்கி நீதிக்கதை ஆக்குவது செத்த மனிதருக்குச் செய்யும் அநியாயம்.

அந்தக் கதையில் எனக்கு இதைவிடவும் கோபம் வரும் இடம் ஒன்று உண்டு. பஞ்சம் எப்படி வந்தது என்று அதில் ஒரு வரிகூடக் கிடையாது. அயோட், வாட், கொங்கோர் மூன்றையும் சேர்த்து அன்று பசி முக்கோணம் என்றார்கள். 1991இல் தெற்கின் விடுதலை இயக்கம் ஜான் கராங் பக்கம், ரியக் மச்சார் பக்கம் என்று உடைந்து ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டதில் ஊர்கள் எரிந்தன, மாடுகள் கொள்ளை போயின, விதைக்க ஆளில்லை. உணவு விமானம் எங்கே இறங்கலாம், எங்கே கூடாது என்று சூடான் தலைநகர் கார்ட்டூமில் இருந்த அரசு அனுமதி கொடுத்தும் மறுத்தும் விளையாடியது. இவர்களில் யார் பெயரும் உங்கள் மாணவர்களுக்குத் தெரியாது, கேமரா வைத்திருந்தவர் பெயர் மட்டும் தெரியும். திட்டுவதற்கு அவர்தான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறார்.

சரி, அப்படியென்றால் புகைப்படக்காரரைக் கேள்வியே கேட்கக் கூடாதா? கண்டிப்பாகக் கேட்கவேண்டும். ஆனால் “ஏன் தூக்கவில்லை” என்பதற்கு முன்னால் கேட்கவேண்டியது ஒன்று இருக்கிறது: கேமரா அங்கே இல்லாதிருந்தால் இது நடந்திருக்குமா?

1971 டிசம்பர் 18, டாக்கா. பாகிஸ்தான் படை சரணடைந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. வங்கதேச விடுதலைப் படையான முக்தி வாஹினியின் காதர் சித்திக்கி நடத்திய வெற்றிக் கூட்டத்தில், பாகிஸ்தான் படைக்குத் துணைபோன ரசாக்கர்கள் என்று குற்றம்சாட்டி, கைகள் கட்டப்பட்ட சிலரை இழுத்து வந்து அடித்து, துப்பாக்கி முனைக் கத்தியால் குத்திக் கொன்றார்கள். சுற்றிலும் பெருங்கூட்டம், வெளிநாட்டுப் புகைப்படக்காரர்களும் இருந்தார்கள். மார்க் ரிபூ, பென்னி ட்வீடி போன்ற சிலர், நாம் நிற்பதால்தான் இது நடக்கிறது என்று பட்டதும் கேமராவை இறக்கிவிட்டு வெளியேறினார்கள். ஏபி செய்தி நிறுவனத்தின் ஹார்ஸ்ட் ஃபாஸும் மிஷேல் லோரானும் இருந்து எடுத்தார்கள், 1972இல் அவர்களுக்குப் புலிட்சர் கிடைத்தது.

இதில் யார் சரி? போனவர்கள் சரி என்றுதான் என் மனம் சொல்கிறது. கேமராவுக்காக ஒரு கொலை நடக்கிறது என்ற சந்தேகம் வந்தாலே போதும், அங்கே நிற்கக் கூடாது. அதேசமயம், இருவரும் அங்கிருந்து நகர்ந்திருந்தால் வெற்றிபெற்றவர்களும் கைதிகளைக் கொன்றார்கள் என்பதற்கு அந்தப் படங்கள் சாட்சியாக நின்றிருக்காது என்பதையும் என்னால் தள்ளிவிட முடியவில்லை. ஃபாஸை இதற்காகக் கழுகு என்று சொல்லமாட்டேன்.

வேடிக்கை பார்ப்பவர்கள் என்று நாம் நினைக்கும் இவர்களே இந்தக் கேள்வியோடுதான் வாழ்ந்திருக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவில் டயரைக் கழுத்தில் மாட்டி எரிக்கும் கொலைகளை எண்பதுகளிலேயே படமெடுத்தவர் கார்ட்டர். பத்திரிகைகள் வராதிருந்தால் அவர்களை எரித்திருப்பார்களா என்ற கேள்வி தன்னை விடவில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். கார்ட்டரின் புகைப்பட நண்பர் குழுவைச் சேர்ந்த கிரெக் மரினோவிச் 1990இல் சொவேட்டோவில் ஒருவரைக் கும்பல் கொல்லும்போது, படம் எடுக்காதே என்று மிரட்டியவர்களிடம், நீங்கள் கொல்வதை நிறுத்துங்கள், நான் எடுப்பதை நிறுத்துகிறேன் என்றார். அவர்கள் நிறுத்தவில்லை.

நமக்கு இது தூரத்து விஷயமும் இல்லை. 1983 ஜூலையில் கொழும்பு பொரளையில், ஆடை உரியப்பட்டு உட்கார்ந்திருக்கும் தமிழரும் சுற்றிச் சிரித்து ஆடும் இளைஞர்களும் இருக்கும் படத்தைப் பார்க்காத தமிழர் குறைவு. எடுத்தவர் சந்திரகுப்த அமரசிங்க என்ற சிங்களவர். அந்தக் கும்பலுக்கு நடுவே அவர் ஒற்றை ஆளாகப் போய்த் தடுத்திருக்க முடியும் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். அந்தப் படம் இருப்பதால்தான் இன்றுவரை யாராலும் ஜூலையை மறுத்துப் பேச முடியவில்லை. 2009இல் வன்னிக்குள் சுதந்திரமான பத்திரிகையாளர் யாரையும் விடவில்லை. உள்ளே அகப்பட்டவர்கள் எடுத்ததும் சிப்பாய்கள் தங்கள் கைபேசியில் பெருமைக்கு எடுத்துவைத்ததும்தான் வெளியே வந்தன, அவற்றையும் பொய் என்றே இலங்கை அரசு சொல்லிவந்தது. தொழிலா மனிதாபிமானமா என்று கேட்டீர்கள். இதையெல்லாம் பார்த்தவனுக்கு இரண்டையும் அப்படி எதிரெதிராக வைக்க மனம் வரவில்லை.

கார்ட்டர் மேல் எனக்கும் ஒரு குறை இருக்கிறது. குழந்தைக்கு என்ன ஆயிற்று என்று வாசகர்கள் கேட்டு எழுதியபோது நியூயார்க் டைம்ஸால், கழுகை விரட்டியபின் எழுந்து நடந்தது, முகாம் போய்ச் சேர்ந்ததா தெரியாது என்றுதான் குறிப்பு போட முடிந்தது. யார் வீட்டுப் பிள்ளை என்று எடுத்தவர் கேட்கவில்லை. ஆணா பெண்ணா என்பதுகூட 18 வருடம் கழித்துத்தான் வெளியே தெரிந்தது. தூக்காததைவிட இது எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது. விமானத்தில் வந்து விமானத்தில் திரும்புபவருக்கு அதைக் கேட்கத் தோன்றாமலே போய்விடுகிறது.

காஸாவில் நிலைமை வேறு. 2023 அக்டோபர் முதல் வெளிநாட்டுச் செய்தியாளர்களைச் சுதந்திரமாக உள்ளே போக இஸ்ரேல் விடாததால், படமெடுப்பவர்கள் அந்த ஊர்க்காரர்களேதான், அதே பசி, அதே குண்டு. மரியம் அபு டக்கா என்ற புகைப்படக்காரர் கான் யூனிஸின் நாசர் மருத்துவமனையில் பட்டினியில் வாடிய குழந்தைகளைப் படமெடுத்து வந்தார். 2025 ஆகஸ்ட் 25 அன்று அதே மருத்துவமனையின் மேல் இஸ்ரேல் நடத்திய தாக்குதலில் கொல்லப்பட்டார், அவருக்கும் ஒரு மகன் உண்டு. அடுத்த முறை வழிபாட்டுக் கூட்டத்தில் கார்ட்டரைப் பற்றிப் பேசினால் இவரைப் பற்றியும் பேசுங்கள், முடிந்தால் அந்த மாணவியையே பேசச் சொல்லுங்கள்.

அன்புடன்