டிமாயினுக்குக் குடிபோனால் போரடிக்குமா?

கேள்வி: நாங்கள் நியூஜெர்சி மாநிலத்தின் எடிசனில் நான்கு ஆண்டுகளாக இருக்கிறோம். என் கணவருக்கு அயோவா மாநிலத் தலைநகர் டிமாயினில் ஒரு காப்பீட்டு நிறுவனம் நேரடி வேலை தருகிறது. சம்பளம் ஏறக்குறைய இதேதான், வேலை இதைவிட நல்ல வேலை. நான் எச்-4 விசாவில் (வேலை விசாவில் இருப்பவரின் துணைக்குத் தரும் விசா) இருக்கிறேன், கார் ஓட்டத் தெரியாது. மகளுக்கு ஏழு வயது. "சோளக்காட்டைத் தவிர அங்கே என்ன இருக்கிறது? மூன்றே மாதத்தில் பைத்தியம் பிடித்துவிடும்" என்று தெரிந்தவர்கள் எல்லாரும் பயமுறுத்துகிறார்கள். போகலாமா?

பதில்: ஊரைப் பற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் என் கண் போய் நின்ற இடம் "கார் ஓட்டத் தெரியாது" என்ற வரி. அதை முதலில் பேசிவிடுவோம்.

நானும் 2011 ஜனவரியில் இதே எச்-4 விசாவில் இந்த ஊருக்கு வந்து இறங்கியவள். கணவர் காலை ஏழரைக்குக் காரை எடுத்துக்கொண்டு போய்விடுவார். ஜன்னலுக்கு வெளியே வாகன நிறுத்துமிடம், அதற்கு அப்பால் பனி, அதற்கும் அப்பால் ஒரு பெட்ரோல் நிலையம். முதல் மாதத்தில் அந்தப் பெட்ரோல் நிலையத்தின் விலைப் பலகையில் எண்கள் எப்போது மாறுகின்றன என்பதுவரை எனக்குத் தெரிந்திருந்தது. ஊரே போரடிக்கிறது என்று அம்மாவிடம் தொலைபேசியில் அழுதேன். நான் அதுவரை ஊரையே பார்க்கவில்லை என்பது பின்னால்தான் உறைத்தது. ஓட்டுநர் உரிமம் வாங்கியது அந்த ஆண்டு ஜூனில். அதற்குப் பிறகு அப்படி அழுததில்லை. இப்போது வேலை மாற்றத்தில் இங்கே வரும் குடும்பங்களுக்கு வீடும் பள்ளியும் பார்த்துக் கொடுப்பதே என் தொழில். திரும்பிப் போய்விட்ட குடும்பங்களையும் பார்த்திருக்கிறேன். அவற்றில் பாதிக்கு மேல் ஊரின் மேல் பழி போட்டுவிட்டுப் போனவை. உண்மைக் காரணம் பகலெல்லாம் வீட்டுக்குள் அடைந்து கிடந்த ஒருவர்.

எடிசனில் கார் இல்லாமலே காலம் தள்ளலாம். ரயில் இருக்கிறது, ஓக் ட்ரீ சாலையில் கறிவேப்பிலை முதல் கண்ணாடி வளையல்வரை கிடைக்கிறது, யாராவது ஒருவர் அந்தப் பக்கம் போய்க்கொண்டே இருப்பார். டிமாயினில் பஸ் உண்டு. ஆனால் நம்மவர்கள் அதிகம் குடியேறும் வாக்கீ, வெஸ்ட் டிமாயின், ஜான்ஸ்டன் போன்ற புறநகர்களில் அதை நம்பிக் குடித்தனம் நடத்த முடியாது. ஆகவே முடிவெடுக்கும் முன்பே எடிசனில் ஒரு பயிற்சிப் பள்ளியில் சேருங்கள். இங்கே சாலைகள் அகலம், நெரிசல் குறைவு, எங்கே போனாலும் இருபது நிமிடம். புதிதாக ஓட்டுகிறவருக்கு இதைவிடத் தோதான ஊர் கிடைப்பது கடினம். இரண்டாவது காருக்கான பணத்தை, வாடகையில் மிச்சமாவதிலிருந்து முதல் ஆண்டே எடுத்து வைத்துவிடுங்கள்.

இனி ஊர். அயோவா என்ற பெயரை முதலில் கேட்கும் தமிழர் யாரும் "ஐயோ, வா" என்று பிரித்துப் பார்க்காமல் விட்டதில்லை. நகர எல்லைக்குள் இரண்டு லட்சத்துச் சொச்சம் பேர், புறநகர்களையும் சேர்த்தால் ஏழு லட்சத்துக்கு மேல். பிரின்சிபல் என்ற நிதி நிறுவனம் 1879-ல் இங்கேதான் தொடங்கியது. காப்பீடும் நிதியும்தான் ஊரின் பிழைப்பு. நகர மையத்தில் கட்டடத்துக்குக் கட்டடம் இரண்டாம் மாடி உயரத்தில் கண்ணாடிப் பாலங்கள் போட்டு, சுமார் 4 மைல் நீளத்துக்கு நடைபாதை அமைத்திருக்கிறார்கள். உங்கள் கணவர் ஜனவரியில் மேல்கோட்டு இல்லாமல் மதியச் சாப்பாட்டுக்குப் போய் வருவார். உங்களுக்கு அதனால் பெரிய பயன் இல்லை, மாலையில் அது வெறிச்சோடிவிடும்.

பயன் உள்ளதைச் சொல்கிறேன். மே முதல் அக்டோபர்வரை சனிக்கிழமை காலையில் நகர மையத்தில் உழவர் சந்தை கூடுகிறது. ஏழு மணிக்குப் போனால் நிம்மதியாக வாங்கலாம், ஒன்பது மணிக்குமேல் குழந்தைத் தள்ளுவண்டிகளுக்கும் நாய்களுக்கும் நடுவே நீந்த வேண்டும். முதல் தடவை அங்கே ஒரு கடையில் பாகற்காயையும் காராமணிக்காயையும் பார்த்து நின்றுவிட்டேன். விற்ற அம்மாள் தென்கிழக்கு ஆசியர். 1975-ல் இந்த மாநில ஆளுநராக இருந்த ராபர்ட் ரே, போரில் நாடிழந்த, தாய் டாம் என்ற தென்கிழக்கு ஆசிய இன மக்களைக் கூட்டமாக அழைத்து இங்கே குடியமர்த்தினார். அவர்களும், அவர்களுக்குப் பின் வந்தவர்களும் போட்ட விதைகள்தான் இன்று நம் வீட்டுக் குழம்பில் கொதிக்கின்றன. மற்றபடி இந்திய மளிகைக் கடைகள் புறநகர்களில் இருக்கின்றன. ஓக் ட்ரீ சாலையின் வகைகளை எதிர்பார்க்காதீர்கள். சைவ உணவு தேடி வெளியே போனால் ஏமாற்றம்தான். பன்றி இறைச்சியைப் பொரித்து ரொட்டியில் வைத்துத் தருவதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் மாநிலம் இது.

ஆகஸ்டில் பதினொரு நாள் மாநிலப் பொருட்காட்சி. பத்து லட்சம் பேருக்கு மேல் வருகிறார்கள், மாநில மக்கள்தொகையே முப்பத்திரண்டு லட்சம்தான். கண்ணாடிக் குளிர்பெட்டிக்குள் வெண்ணெயில் ஒரு முழுப் பசுவைச் செதுக்கி வைப்பார்கள், 1911-ல் தொடங்கிய வழக்கம். அதைப் பார்க்க வரிசையில் நிற்க வேண்டும். நான் மூன்று முறை நின்றுவிட்டேன், போதும். விடியற்காலையில் மாட்டுக் கொட்டகைப் பக்கம் போவது எனக்கு இன்னும் அலுக்கவில்லை. பதினாலு, பதினைந்து வயதுப் பிள்ளைகள் போட்டிக்கு முன்பு கன்றுகளைக் குளிப்பாட்டி, வால்முடியைச் சீவி, காற்றூதியால் உலர்த்திக்கொண்டிருப்பார்கள். என் தாத்தா மாட்டுப் பொங்கலன்று கொம்புக்கு வண்ணம் பூசிய அதே முகபாவம். என் மகன் அங்கேயே ஒரு கொட்டகையில் வைக்கோல் மேல் தூங்கியிருக்கிறான்.

சைக்கிள் ஓட்டுவீர்களா? ஓட்டாவிட்டாலும் பரவாயில்லை, நடக்கலாம். வடமேற்கே சுமார் அரை மணிப் பயணத்தில் மாட்ரிட் என்று ஒரு சிற்றூர் உண்டு. ஸ்பெயின் தலைநகரின் பெயர்தான், ஆனால் இவர்கள் முதல் எழுத்தை அழுத்தித் தங்கள் பாணியில் சொல்வார்கள். அங்கிருந்து ஒரு பழைய ரயில் பாதையைச் சைக்கிள் பாதையாக மாற்றியிருக்கிறார்கள். டிமாயின் ஆற்றின் மேலே 130 அடி உயரத்தில் அரை மைல் நீளப் பாலம், 2011-ல் திறந்தது. பாலத்தின் ஒரு பகுதியில் இரும்புச் சட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோணலாகத் திரும்பி நிற்கும். ஒரு காலத்தில் இங்கே இருந்த நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறங்குவதுபோல் தோன்ற வேண்டும் என்பது யோசனை. இரவில் நீல விளக்கு. அயோவாவின் இந்துக் கோயிலும் இதே மாட்ரிட் பக்கம்தான். ஆகவே எங்கள் வெள்ளிக்கிழமை வழக்கம்: மாலையில் கோயில், அங்கே பிரசாதம், இருட்டியதும் பாலம். நியூயார்க்கிலிருந்து வந்த என் நாத்தனாரை அப்படி ஒருமுறை அழைத்துப்போனேன். பாலத்தின் நடுவே நின்று, "இதற்கு டிக்கெட் எவ்வளவு?" என்று கேட்டாள். டிக்கெட் எல்லாம் இல்லை. கலை அருங்காட்சியகத்துக்கும் இல்லை, நகர நடுவே உள்ள பாப்பாஜான் சிற்பப் பூங்காவுக்கும் இல்லை. அருங்காட்சியகத்தின் மூன்று பகுதிகளையும் சாரினென், பெய், மையர் என்று உலகப் பெயர் பெற்ற மூன்று கட்டடக் கலைஞர்கள் வெவ்வேறு காலத்தில் கட்டினார்கள். ஊரில் பலருக்கே அது தெரியாது.

மனிதர்களைப் பற்றி உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். முதல் குளிர்காலத்தில் எங்கள் கார் கிளம்பவில்லை. பெயர்கூடத் தெரியாத எதிர்வீட்டுக்காரர் இரவு உடையோடு வந்து, தன் காரை அருகில் நிறுத்தி, பேட்டரிக்குக் கம்பி போட்டுக் கிளப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். விடைபெறுவதிலும் நம்மைப் போலவேதான்: "சரி, கிளம்புகிறோம்" என்று எழுந்தபின் வாசலில் அரை மணி நேரம், கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு இன்னும் கால் மணி நேரம். ஆனால் அதே எதிர்வீட்டுக்காரர் எங்களைத் தம் வீட்டுக்குச் சாப்பிட அழைக்க இரண்டரை ஆண்டு ஆனது. விரோதம் ஒன்றும் இல்லை. அவருக்குப் பாலர் பள்ளி நண்பர்களே இன்னும் இதே ஊரில் இருக்கிறார்கள், புது நண்பர் தேவைப்படவில்லை. நீங்களாகப் போய் எதிலாவது சேர வேண்டும்: நூலகத்தின் கதை நேரம், பள்ளியில் தன்னார்வலர் வேலை, தமிழ்க் குடும்பங்களின் பொங்கல் ஏற்பாடு. எடிசனில் கூட்டம் உங்களைத் தேடி வரும். இங்கே முதல் கதவை நீங்கள்தான் தட்ட வேண்டும், கூச்ச சுபாவம் உள்ளவருக்கு இது உண்மையான சிரமம்.

மகளுக்கு ஒரு வேலை கொடுத்து வையுங்கள். ஹாலோவீனை ஒட்டிப் பிள்ளைகள் வேடமிட்டு வீடு வீடாக மிட்டாய் கேட்டு வருவார்கள் அல்லவா? இந்த ஊரில் சும்மா கேட்டால் கிடைக்காது, ஒரு நகைச்சுவைத் துணுக்கு சொல்ல வேண்டும். என் மகன் முதல் ஆண்டு நம் விடுகதையை ஆங்கிலத்தில் எடுத்துவிட்டான்: கதவே இல்லாத வெள்ளை வீடு, உள்ளே மஞ்சள் ராஜா, அது என்ன? வாசலில் நின்ற வெள்ளைத்தலைத் தாத்தா நெடுநேரம் யோசித்துவிட்டு, வெள்ளை மாளிகையா, அரசியல் பேசுகிறாயா என்றார். முட்டை உற்பத்தியில் அமெரிக்காவிலேயே முதலிடம் இந்த மாநிலத்துக்கு. இரண்டு மிட்டாய் கிடைத்தது.

குளிரை மறைக்கப் போவதில்லை. ஜனவரி இரவுகள் சராசரியாக மைனஸ் 10 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும், சில வாரங்களில் மைனஸ் 20-க்கும் கீழே இறங்கும். நியூஜெர்சிக் குளிரை வைத்து இதைக் கணக்கிடாதீர்கள், இங்கே தடுக்க மலையும் இல்லை, கடலும் இல்லை, காற்று நேரே வந்து முகத்தில் அறையும். டிசம்பரில் மாலை நாலே முக்காலுக்குச் சூரியன் போய்விடும். நவம்பரிலிருந்து மார்ச்வரை நீச்சல், நடனம், பாட்டு என்று ஏதாவது ஒன்றில் வாரம் மூன்று நாள் வெளியே போகும் கட்டாயத்தை முன்கூட்டியே ஏற்படுத்திக்கொள்ளுங்கள். கோடையில் சூறாவளி எச்சரிக்கைச் சங்கு ஊதும், சோதனைக்காகவும் அவ்வப்போது ஊதுவார்கள், பதற வேண்டாம். நிலவறை உள்ள வீடாக இருந்தால் நல்லது. வயல்களிலிருந்து வடியும் உரத்தால் ஆற்று நீரில் நைட்ரேட் ஏறுவது இங்கே பழைய தலைவலி. 2025 ஜூனில் புல்வெளிக்குத் தண்ணீர் ஊற்றுவதையே தடைசெய்யும் அளவுக்குப் போனது. குழாய் நீரைச் சுத்திகரித்து வரம்புக்குள் வைத்துத்தான் தருகிறார்கள், ஆனாலும் செய்தியைக் கவனித்துக்கொண்டிருங்கள்.

அயலூர்ப் பயணங்கள்: ஒமாஹா இரண்டு மணி நேரம், கன்சாஸ் சிட்டி மூன்று, மினியாபோலிஸ் மூன்றரை, சிகாகோ ஐந்து. இந்தியா போக எங்காவது விமானம் மாறியே ஆக வேண்டும். வயதான பெற்றோரைத் தனியாக வரவழைக்கும்போது இது உறுத்தும்.

போரடிப்பதைவிட நீங்கள் கேட்காத ஒன்றைத்தான் நான் அதிகம் கவனிப்பேன். உங்கள் கணவரைப் போல் எச்-1பி வேலை விசாவில் இருப்பவருக்கு வேலை போனால், வேறு வேலை தேட அதிகபட்சம் 60 நாள்தான் அவகாசம். டிமாயினில் கணவரின் துறையில் வேலை கொடுக்கக்கூடிய நிறுவனங்களில் பல ஒரே தொழில். காப்பீட்டுத் துறை சுருங்கினால் எல்லாம் சேர்ந்தே சுருங்கும். இன்னொன்று, கிரீன் கார்டு. இப்போதைய நிறுவனம் ஐ-140 (கிரீன் கார்டுக்காக நிறுவனம் கொடுக்கும் மனு) ஒப்புதல் வாங்கிவிட்டதா? வாங்கியிருந்தால் புது நிறுவனம் முதல் படியான லேபர் சான்றிதழிலிருந்து மீண்டும் தொடங்கினாலும் வரிசையில் உங்கள் பழைய தேதி பொதுவாகக் கைவிட்டுப் போகாது, நீங்களும் வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். அது இன்னும் ஆகவில்லை என்றால், புது நிறுவனம் எத்தனை மாதத்தில் அதைத் தொடங்கும் என்பதை எழுத்தில் வாங்காமல் எடிசன் வீட்டைக் காலி செய்யாதீர்கள். வழக்கறிஞருக்கு ஒரு மணி நேரக் கட்டணம் கொடுத்து இதை உறுதிசெய்துகொள்வது நல்லது.

அந்தப் பதில் சாதகமாக இருந்து, நீங்களும் கார் கற்றுக்கொள்ளத் தயார் என்றால், வாருங்கள் என்பேன். குடிவருவதை மட்டும் மே மாதத்துக்குத் தள்ளிவையுங்கள். நான் வந்ததுபோல் ஜனவரியில் வராதீர்கள். ஆனால் ஊரைப் பார்க்க வருவது பிப்ரவரியில் இருக்கட்டும், ஜூனில் வந்தால் எல்லாமே பிடித்துவிடும். ஒரு வெள்ளிக்கிழமை வந்து, வாடகைக்குக் கார் எடுத்து, மூன்று நாள் தங்குங்கள். பார்த்து வைத்த அடுக்குமாடி வீட்டிலிருந்து நூலகம், பள்ளி, மளிகைக் கடை மூன்றுக்கும் பனியில் போய்ப் பாருங்கள். நடந்தே போகும் தூரத்தில் இந்த மூன்றில் ஒன்றாவது இல்லையென்றால் அந்த வீடு வேண்டாம், வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் சரி. சமையலறை ஜன்னல் எதைப் பார்த்திருக்கிறது என்பதையும் கவனித்துக்கொள்ளுங்கள்.