சிவப்பு போலோ ஜிடி: வாங்கலாமா, விடலாமா?

கேள்வி: வேளச்சேரியில் குடியிருக்கிறேன், வேலை சிறுசேரியில். 2016 மாடல் ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. சிவப்பு நிறம், இரண்டாவது ஓனர், 62,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஐந்தரை லட்சம் கேட்கிறார்கள். ஓட்டிப் பார்த்ததிலிருந்து வேறு எந்த வண்டியும் கண்ணுக்குப் பிடிக்கவில்லை. என் மனைவி, "டிஎஸ்ஜி கியர்பாக்ஸ் போனால் பணம் தண்ணீராகப் போகும், லோன் போட்டுப் புது பலேனோ ஆட்டோமேட்டிக் எடுக்கலாம்" என்கிறார். கையில் ஆறு லட்சம் இருக்கிறது. வீட்டில் வேறு கார் கிடையாது. மூன்று வயதில் மகள். வருஷத்துக்கு மூன்று நான்கு முறை திருநெல்வேலி போய் வருவோம். என்ன செய்யலாம்?

பதில்: இந்த வண்டி உங்களுக்கு வேண்டாம். அதற்காக பலேனோதான் வாங்க வேண்டும் என்றும் நான் சொல்லப் போவதில்லை. போலோ மேல் இருக்கும் ஆசையை விட்டுவிடாமலேயே உங்கள் மனைவியின் பயத்துக்கும் வழி இருக்கிறது. அதற்கு முன்னால் அந்த ஆசையையும் அந்தப் பயத்தையும் தனித்தனியாகப் பார்த்துவிடலாம். இரண்டிலுமே நியாயம் இருக்கிறது.

அந்த வண்டியை ஓட்டியவர்களுக்கு ஏன் தூக்கம் கெடுகிறது என்பது எனக்கு நன்றாகவே புரியும். 1.2 லிட்டர், நான்கு சிலிண்டர் டர்போ பெட்ரோல் என்ஜின். 105 பிஎஸ் பவர். 175 நியூட்டன் மீட்டர் டார்க் (இழுவிசை), அதுவும் 1,500 ஆர்பிஎம்மிலேயே முழுசாக வந்துவிடுகிறது. ஆக்ஸிலரேட்டரைத் தொட்டதும் வண்டி முன்னால் பாய்வது அதனால்தான். கதவைச் சாத்தினால் கனமாக ஒரு சத்தம். நூறில் போனாலும் ரோட்டைக் கவ்விக்கொண்டு போகிற நிதானம். 2014-ல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் இரண்டு ஏர்பேக் உள்ள போலோ, பெரியவர்களுக்கான பாதுகாப்பில் 4 நட்சத்திரம் வாங்கியது. பிடித்த வண்டியில் தினமும் உட்கார வேண்டும் என்பதை வீண் ஆசை என்று நான் நினைக்கவில்லை. பத்து வருஷம் கூடவே வைத்திருக்கப் போகிற பொருள் அது.

பிரச்சினை கியர்பாக்ஸில். இதில் இருப்பது டிகியூ200 என்ற 7 ஸ்பீட் டிஎஸ்ஜி, ஆட்டோமேட்டிக்கில் ஒரு வகை. உள்ளே இரண்டு கிளட்ச். ஒன்று 1, 3, 5, 7 கியர்களுக்கு, இன்னொன்று 2, 4, 6, ரிவர்ஸுக்கு. நீங்கள் மூன்றாவதில் போகும்போதே நான்காவது தயாராகக் காத்திருக்கும். கியர் மாறுவதே தெரியாத அந்த வேகம் இதனால்தான் கிடைக்கிறது. ஆனால் இரண்டுமே உலர் கிளட்ச், அதாவது சூட்டைக் குறைக்க எண்ணெய் இல்லாதவை. ஹைவேயில் கிளட்ச் முழுசாகப் பிடித்துவிடும், தேய்மானம் இல்லை. டிராஃபிக்கில் பத்தடி நகர்ந்து, நின்று, மறுபடி பத்தடி நகரும்போது ஒவ்வொரு தடவையும் கிளட்ச் பாதி பிடித்த நிலையில்தான் நகர்கிறது. சூடு ஏறுகிறது, தேய்கிறது, அப்புறம் நகரும்போதெல்லாம் உதற ஆரம்பிக்கிறது. நீங்கள் சிறுசேரி போகிற, மெட்ரோ வேலை நடக்கும் ஓஎம்ஆர் ரோட்டில், காலையும் மாலையும், அதுவும் சித்திரை வெயிலில். இந்த கியர்பாக்ஸுக்கு இதைவிட மோசமான ரோடு அமைவது கஷ்டம்.

கிளட்ச்சை விடச் செலவு வைப்பது மெகட்ரானிக்ஸ். கியரையும் கிளட்ச்சையும் இயக்கும் மின்னணுப் பலகை, வால்வுகள், ஒரு சின்ன பம்ப் எல்லாம் சேர்ந்த பெட்டி அது. பம்ப் எண்ணெயை அழுத்தி அக்குமுலேட்டரில் சேர்த்து வைக்கும். அந்த அக்குமுலேட்டர் உட்காரும் இடத்தில் விரிசல் விட்டு எண்ணெய் கசிந்தால் அழுத்தம் நிற்காது, பம்ப் ஓய்வில்லாமல் ஓடும். ஸ்கேன் செய்தால் பி17பிஎஃப் என்ற பழுதுக் குறியீடு வரும். ஓட்டுகிறவருக்கு முதலில் தெரிவது மீட்டரில் கியர் எழுத்துகள் மினுக்குவதும், பாதி கியர்கள் விழாமல் போவதும். சில நேரம் வண்டி நின்ற இடத்திலேயே நின்றுவிடும். 2013 நவம்பரில் ஃபோக்ஸ்வேகன் உலகம் முழுக்க 16 லட்சம் கார்களை இந்த கியர்பாக்ஸில் எண்ணெய் மாற்றுவதற்காகத் திரும்ப அழைத்தது. வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்த இடத்தில், நின்று நின்று போகும் டிராஃபிக்கில், சிந்தெடிக் எண்ணெயால் மின்கோளாறு வரலாம் என்று கம்பெனியே சொன்னது. நீங்கள் பார்த்த 2016 வண்டி அதற்குப் பின்னால் வந்தது, அந்த எண்ணெய்ப் பிரச்சினை அதற்குப் பொருந்தாது. லட்சம் கிலோமீட்டர் தாண்டியும் தொந்தரவே தராத டிஎஸ்ஜி வண்டிகளும் நிறைய ஓடுகின்றன. ஆனாலும் எந்தச் சூழ்நிலையில் இந்த கியர்பாக்ஸ் திணறும் என்பதை அந்த அறிவிப்பு தெளிவாகச் சொல்லிவிட்டது. அது அப்படியே சென்னை.

சரி, பணக் கணக்குக்கு வருவோம். என் முடிவைத் தீர்மானித்தது இதுதான். ஆறில் ஐந்தரை போனால் மிச்சம் ஐம்பதாயிரம். பேர் மாற்றம், இன்ஷூரன்ஸ், முதல் சர்வீஸ், டயர் தேய்ந்திருந்தால் நான்கு டயர். அந்த ஐம்பதும் முதல் மாதமே தீர்ந்துவிடும். அதற்கப்புறம் மெகட்ரானிக்ஸை மாற்ற வேண்டி வந்தால் லட்சக்கணக்கில் பில் வரும், தேய்மானத்தால் வரும் பழுதுக்கு இன்ஷூரன்ஸ் தராது. இந்த மாதிரி வண்டி வாங்குகிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது, வாங்குகிற அன்றே இரண்டு லட்சத்தைத் தனியாக ஒரு டெபாசிட்டில் போட்டுவிடுங்கள், அதைத் தொடாதீர்கள். அப்படிப் போட முடிந்தால் வண்டி உங்கள் கைக்கு எட்டுகிறது என்று அர்த்தம். அந்தக் கணக்கில் இந்த போலோவின் விலை ஐந்தரை அல்ல, ஏழரை. உங்களிடம் ஆறுதான் இருக்கிறது. செலவே வராமலும் போகலாம். ஆனால் வந்தால் சமாளிக்க வழியில்லாமல், மழையிலும் வெயிலிலும் வாசலில் நிற்கிற வண்டியைப் பார்த்துக்கொண்டே லோனுக்கு அலைய வேண்டியிருக்கும். அப்போது அந்த வண்டி மேல் இருந்த ஆசையும் போய்விடும், அதுதான் எனக்கு வருத்தம்.

இன்னொன்று, உங்களுக்கு இது ஒரே கார். வீட்டில் இன்னொரு வண்டி இருந்தால் பழுதுக்குப் பத்து நாள் விட்டு வைக்கலாம். ராத்திரி பதினொரு மணிக்கு உளுந்தூர்பேட்டை பக்கத்தில் கியர் எழுத்து மினுக்கி, பின்சீட்டில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தால் என்ன செய்வது என்று உங்கள் மனைவி யோசித்திருப்பார். மாருதிக்குத் திருநெல்வேலி வரை வழியெங்கும் சர்வீஸ் உண்டு. ஃபோக்ஸ்வேகனுக்குப் பெரிய ஊர்களில்தான். வெளியில் இருக்கும் மெக்கானிக்குகளில் டிஎஸ்ஜியைத் திறக்கத் தெரிந்தவர்கள் குறைவு. பலேனோவில் வருவது ஏஎம்டி, அதாவது சாதாரண கியர்பாக்ஸையே தானாக மாற்ற வைக்கும் ஆட்டோமேட்டிக். அதிலும் கிளட்ச் தேயும், கியர் மாறும்போது லேசாகத் தலையாட்டவும் செய்யும். ஆனால் அந்த கிளட்ச்சின் விலை குறைவு, மாற்றத் தெரிந்தவர்களும் அதிகம். 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்ததில் புது வண்டி விலையும் இறங்கியிருக்கிறது. பழைய காருக்கு வாங்கும் லோனுக்குப் பொதுவாக வட்டியும் கூடுதல். அவர் சொல்வதில் தப்பே இல்லை.

ஆனால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்களுக்குப் பிடித்தது எது? அந்த உருவம், ஸ்டியரிங், டர்போவின் இழுவையா? இல்லை டிஎஸ்ஜி கியர் மாறும் அந்த வேகமா? முதலாவது என்றால் வழி இருக்கிறது. 2020-ல் பிஎஸ்6 என்ற புகை விதி வந்தபோது 1.2 என்ஜினும் டிஎஸ்ஜியும் போலோவிலிருந்து போய்விட்டன. பதிலுக்கு 1.0 லிட்டர், மூன்று சிலிண்டர் டிஎஸ்ஐ வந்தது. 110 பிஎஸ், அதே 175 நியூட்டன் மீட்டர். கூடவே 6 ஸ்பீட் டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக். 2022-ல் இந்தியாவில் போலோ தயாரிப்பு நிற்கும் வரை இதுதான் வந்தது. டார்க் கன்வெர்ட்டரில் என்ஜினுக்கும் கியருக்கும் நடுவில் சக்தியைக் கடத்துவது எண்ணெய், அதனால் ஓஎம்ஆரில் ஊர்ந்து போவது அதற்கு ஒரு விஷயமே இல்லை. என்ஜின் ஓட வண்டி சும்மா நிற்கும்போது லேசான அதிர்வு தெரியும், டிஎஸ்ஜியின் அந்தப் பளிச் என்ற வேகமும் இருக்காது. மற்றபடி அதே கதவு, அதே ஸ்டியரிங், அதே முகம்.

உங்களுக்கு நான் சொல்வது 2021 அல்லது 2022 மாடல் 1.0 டிஎஸ்ஐ ஆட்டோமேட்டிக். ஐந்தரைக்குக் கிடைக்காது, இரண்டு மூன்று லட்சம் கூடுதலாக ஆகும். பலேனோவுக்கு லோன் போடலாம் என்று வீட்டில் பேச்சு இருந்தது அல்லவா, அந்த மாதிரி ஒரு லோனை இதற்குப் போடலாம். கையிலிருப்பதில் ஐந்தைக் கட்டி, ஒரு லட்சத்தை வண்டிக்கென்று ஒதுக்கி வையுங்கள். டிஎஸ்ஜி இல்லாத வண்டிக்கு அது போதும். முடிவு செய்வதற்கு முன்னால் மனைவியையும் மகளையும் அழைத்துப் போய், குழந்தை சீட்டைப் பின்னால் மாட்டி, முன்சீட்டை உங்கள் உயரத்துக்குத் தள்ளிப் பாருங்கள். போலோவின் பின்சீட் குறுகல். பலேனோ அந்த இடத்தில் நிச்சயம் ஜெயிக்கும். அங்கே மனைவி உட்கார்ந்து பார்த்துவிட்டு முடியாது என்றால் பேச்சு அங்கேயே முடிந்தது.

எந்த போலோவாக இருந்தாலும் பார்க்கும் விதம் ஒன்றுதான். காலையில், என்ஜின் ஆறியிருக்கும்போது போங்கள். பானெட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள், இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்பிவிடுங்கள். மேடுபள்ளத்தில் மெதுவாக ஏற்றி இறக்கினால் முன்பக்கம் 'டக் டக்' என்று கேட்பது பெரும்பாலும் சஸ்பென்ஷனில் தேய்ந்த ரப்பர் புஷ், அதை வைத்து விலை குறைக்கலாம். சென்னையிலேயே ஓடிய வண்டி என்பதால் தண்ணீரில் நின்றதா என்பதை விடாமல் பாருங்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வேளச்சேரி, பள்ளிக்கரணை எப்படி இருந்தது என்று உங்களுக்கே தெரியும். சீட் பெல்ட்டை அதன் கடைசி நூல் வரை இழுத்துப் பாருங்கள். மேல்பகுதியைத் துடைத்துவிடுவார்கள், ரோலருக்குள் சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக்கறை ஒரு கோடாக அப்படியே இருக்கும். சீட்டுக்கு அடியில் இருக்கும் தண்டவாளத்திலும், ஸ்டெப்னி வைக்கும் குழியிலும் துரு தெரிகிறதா பாருங்கள். இன்ஷூரன்ஸ் க்ளெய்ம் விவரத்தையும் கேட்டு வாங்குங்கள்.

இவ்வளவும் படித்த பிறகும் அந்தச் சிவப்பு வண்டிதான் என்றால், ஆபீஸுக்குக் கம்பெனி பஸ்ஸில் போய் வருவதாக இருந்தால், தனியாக இரண்டு லட்சம் புரட்ட முடிந்தால், அப்போது நான் தடுக்க மாட்டேன். வார இறுதிக்கும் திருநெல்வேலி ரோட்டுக்கும் அது அருமையான வண்டி. ஆறிய என்ஜினை ஸ்டார்ட் செய்யும் முதல் இரண்டு மூன்று நொடி காது கொடுங்கள், சங்கிலி உரசும் சத்தம் வந்தால் என்ஜினுக்குள் இருக்கும் டைமிங் செயினைப் பார்க்க வேண்டும். இருபது நிமிஷம் ஓட்டிச் சூடானதும், பிரேக்கை மெல்ல விட்டு ஊரவிடுங்கள், உதறக் கூடாது. பேஸ்மென்ட் பார்க்கிங் சரிவில் ரிவர்ஸில் ஏற்றிப் பாருங்கள். வாங்கிய பிறகு டிராஃபிக்கில் பிரேக்கை அரைகுறையாக அழுத்தி ஊராதீர்கள். முழுசாக மிதித்து நில்லுங்கள், முன்னால் இடம் விழுந்ததும் ஒரே தடவையில் நகருங்கள். சரிவில் ஆக்ஸிலரேட்டரால் வண்டியைப் பிடித்து நிறுத்தாதீர்கள்.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால், டிஎஸ்ஜி தெரிந்த ஒருவரை வைத்து கியர்பாக்ஸை ஸ்கேன் செய்யுங்கள். பழுதுக் குறியீடு இல்லை என்பது மட்டும் போதாது, அதை அழித்துவிட்டு வரலாம். கிளட்ச் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதைக் காட்டும் அடாப்டேஷன் அளவுகளையும் எடுக்கச் சொல்லுங்கள். அரை மணி நேரம் ஓட்டிவிட்டு மறுபடி ஒரு ஸ்கேன். இதற்கு விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால் ஐந்தரையை நாலரையாகக் குறைத்தாலும் வாங்காதீர்கள்.