கலுபிலே என்றால் கருவேப்பிலை

அம்மா அவர்களுக்கு வணக்கம்.

டிசம்பரில் மனைவி, மகனுடன் மொரீஷியஸ் வருகிறேன். இடையில் இரண்டு நாள் ரீயூனியன் தீவு. ஹெலிகாப்டரில் எரிமலை, ஒரு கடற்கரை, ஒரு கோயில் என்று பயண முகவர் திட்டம் போட்டுத் தந்திருக்கிறார். இதற்கு மேல் அங்கே பார்க்க என்ன இருக்கிறது? அங்குள்ள தமிழர்களுக்குத் தமிழே தெரியாது என்கிறார்கள். அவர்களிடம் பேச என்ன இருக்கும்?

வாசகர், மதுரை

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் இரண்டாவது கேள்விதான் என்னைத் தூங்கவிடவில்லை. அதனால் அதற்கே முதலில் பதில் சொல்கிறேன்.

காரைக்காலிலிருந்து நான் பிரான்சின் பகுதியான இந்த ரீயூனியன் தீவுக்கு வந்த புதிதில் ஒரு பெரியவரிடம், "தமிழராக இருந்துகொண்டு தமிழ் தெரியாதா?" என்று கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. வீட்டுக்குள் போய்ப் பழைய நோட்டு ஒன்றை எடுத்துவந்தார். பக்கம் பக்கமாக மாரியம்மன் பாட்டு, எல்லாம் பிரெஞ்சு எழுத்தில். பொருள் தெரியாத வரிகளையும் ஓர் அசை விடாமல் பாடிக்காட்டினார். அவர் தாத்தா வாயால் சொல்ல, அப்பா எழுதிவைத்தவை. அன்றைக்கு எனக்கு வந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

1848இல் இங்கே அடிமை முறை ஒழிந்ததும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களில் ஏற்றினார்கள். 1860இல் பிரிட்டனோடு ஒப்பந்தமாகி அவர்கள் ஆண்ட பகுதிகளிலிருந்தும் ஆள் எடுத்தார்கள். 1882இல் பிரிட்டன் அதை நிறுத்தியது. ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் வந்தவர்கள் பலர் ஊர் திரும்பவேயில்லை. அவர்கள் வழிவந்தவர்களை இங்கே மல்பார் என்கிறார்கள். பள்ளியில் பிரெஞ்சு, வீட்டில் பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல் பேச்சு என்று ஆனபிறகும் தீமிதியும் காவடியும் நிற்கவில்லை. இவர்களிடம் மொழித் தேர்வு வைக்க நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

தமிழைத் தேட வேண்டுமானால் சேந்த் ஆந்த்ரே ஊரின் வாரச்சந்தைக்குப் போங்கள். போன வாரம் அங்கே ஒரு பாட்டி ஈரத்துணி விரித்துக் கீரைக்கட்டு அடுக்கியிருந்தார். ஒரு கொத்தை எடுத்து நீட்டி, "கலுபிலே" என்றார். "எங்கள் ஊரில் கருவேப்பிலை" என்றேன். அவர் மெதுவாக, "க-ரு-வே-பிலே" என்று சொல்லிப் பார்த்தார். பிறகு ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். கொத்தமல்லி இங்கே கொத்தோமிலி. பீர்க்கங்காய், பிப்பங்காய். முருங்கைக்கீரை, ப்ரெத் முருங். நான் ஒன்று சொல்ல அவர் ஒன்று சொல்ல, பின்னால் நின்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அரை மணி நேரம் போனதே தெரியவில்லை. பேச என்ன இருக்கும் என்று கேட்டீர்களே, அங்கே போய் ஒரு கட்டு கீரை வாங்குங்கள்.

இனி முகவரின் திட்டம். ஹெலிகாப்டரை விட்டுவிடுங்கள். இரண்டு நாளும் போதாது, ஐந்து நாளாவது ஒதுக்குங்கள். ஷெங்கன் விசா இந்தத் தீவுக்குத் தானாகச் செல்லாது. விண்ணப்பிக்கும்போதே ரீயூனியன் என்று குறிப்பிட்டு வாங்க வேண்டும்.

முதல் நாள் கிராந்த் ஷலூப் போங்கள். தலைநகர் சேன் தெனிக்கும் லா பொசெசியோன் ஊருக்கும் இடையில், கடலோரப் பள்ளத்தாக்கு. கப்பலில் வந்தவர்களை நோய்க்குப் பயந்து அடைத்துவைத்த கட்டடம் அங்கே இருக்கிறது. 1860களில் கட்டியது, இப்போது காட்சியகம். பயணிகள் பெரும்பாலும் அந்த வழியே காரில் விரைந்துபோய்விடுகிறார்கள். நம் ஆட்கள் இந்த மண்ணில் முதலில் படுத்துறங்கிய இடம் அது. கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.

எரிமலையைத் தரையிலிருந்தே அறியலாம். கிழக்குக் கடற்கரை வழியாகத் தெற்கே போகும் மஞ்சள் பஸ்ஸில் ஏறினால் சாலை கறுத்துறைந்த லாவாவை ஊடறுத்துப் போகும். 2007இல் அந்தச் சாலையையே லாவா மூடியது. வழியில் பித்தோன் சேந்த் ரோஸ் என்ற ஊரில் 1977இல் தேவாலய வாசல்வரை வந்த லாவா இருபுறமும் பிரிந்து ஓடியது. இறங்கி அந்தப் பாறையைத் தொட்டுப் பாருங்கள்.

பிறகு மஃபாத். தப்பியோடிய அடிமை ஒருவரின் பெயரைத் தாங்கிய, செங்குத்து மலைகள் சூழ்ந்த கிண்ணம் போன்ற பள்ளம். இன்றுவரை அங்கே சாலை கிடையாது. சில நூறு பேர் சிறு குடியிருப்புகளில் வாழ்கிறார்கள். சூரிய மின்சாரம், சிறு பள்ளிகள். சமையல் எரிவாயு உருளைகூட ஹெலிகாப்டரில்தான் வந்திறங்க வேண்டும். நீங்கள் மேலே பறந்து பத்து நிமிடத்தில் கடந்துவிடும் கூரைகள் அவை. கோல் தே பெஃப் கணவாயிலிருந்து இரண்டு மணி நேரம் நடந்தால் லா நூவெல் என்ற குடியிருப்பு வரும். உங்கள் மகன் நடப்பான். இரவு அங்கே தங்குங்கள். வீட்டு அம்மா விறகடுப்பில் சோறும் பருப்பும் கோழிக்கறியும் சமைத்து எல்லோரையும் ஒரே மேசையில் உட்காரவைப்பார். மஞ்சளும் பூண்டும் மணக்கும் அந்தக் குழம்பின் பெயர் கறி. அவர்கள் அதற்கு வேறு பெயர் வைக்கவேயில்லை.

தங்குமிடத்தை முன்பே பதிவு செய்யுங்கள். டிசம்பரில் மழை தொடங்கிவிடும். பாதை திறந்திருக்கிறதா என்று கிளம்பும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். முடிந்தால் 20ஆம் தேதி இங்கே இருங்கள். அடிமை முறை ஒழிந்த நாள், இரவு முழுக்க அடிமைகள் வழிவந்த மலோயா இசையின் மேளம் ஒலிக்கும். லிச்சிப் பழக் காலமும் அதுதான். மஃபாத்திலிருந்து திரும்பும் நாளில் மட்டும் காலையிலேயே ஏறத் தொடங்குங்கள். கடைசி பஸ் சீக்கிரம் போய்விடும்.

அன்புடன்.