வலியை நிரூபிக்க ஒரு சோதனை உண்டா?

கேள்வி: எனக்கு ஃபைப்ரோமயால்ஜியா இருப்பதாக மருத்துவர் கூறியிருக்கிறார். உடல் முழுவதும் வலி. குளிர்ந்த நீரில் பாத்திரம் கழுவினாலே விரல்கள் கடுக்கின்றன. நரம்புக் கடத்தல் பரிசோதனையில் குறை எதுவும் தெரியாததால், வீட்டில் இதை மனப்பிரமை என்கிறார்கள். சூடும் குளிரும் வைத்து வலியை அளக்கும் சோதனை உண்டாமே, அதைச் செய்துகொண்டால் என் வலி உண்மை என்று நிரூபிக்க முடியுமா?
– வாசகி ஒருவர்

பதில்: நீங்கள் செய்துகொண்ட பரிசோதனை தடித்த நரம்பிழைகளை மட்டுமே சோதிப்பது. சூடு, குளிர், வலி ஆகியவற்றைக் கொண்டுசெல்பவை பெரும்பாலும் மெல்லிய இழைகள். ஆகவே அந்த முடிவை வைத்து உங்கள் வலியை மனப்பிரமை என்று சொல்வதற்கு எந்த அடிப்படையும் இல்லை.

நீங்கள் கேள்விப்பட்டது க்யூஎஸ்டி எனப்படும் உணர்திறன் அளவீடு. ஜெர்மனியின் நரம்புவலி ஆய்வு வலையமைப்பு 2006இல் வெளியிட்ட செய்முறையில் 7 சோதனைகளும் 13 அளவுகளும் உள்ளன. தோலில் ஒட்டிவைத்த சிறு தகட்டின் வெப்பம் 32 டிகிரி செல்சியஸில் தொடங்கி, நொடிக்கு 1 டிகிரி வீதம் ஏறும் அல்லது இறங்கும். சூடோ குளிரோ முதலில் தெரியும்போது ஒரு முறையும், அது வலியாக மாறும்போது இன்னொரு முறையும் நோயாளி பொத்தானை அழுத்த வேண்டும். தோல் புண்படாதிருக்க, 50 டிகிரிக்கு மேலும் 0 டிகிரிக்குக் கீழும் கருவி செல்லாது. குத்தூசி போன்ற கம்பிகளாலும் அழுத்தமானியாலும் வேறு அளவுகள் எடுக்கப்படும். எல்லாம் அதே வயதும் பாலினமும் கொண்ட நலமானவர்களின் அளவுகளோடு, உடலின் அதே பகுதிக்கு ஒப்பிடப்படும்.

சர்க்கரை நோயால் நரம்பு பழுதானவர்களுக்கு, சூட்டை உணரவே கூடுதல் வெப்பம் தேவைப்படலாம். ஃபைப்ரோமயால்ஜியா உள்ளவர்களைத் தொகுத்துப் பார்த்தால் இதற்கு மாறாக, மற்றவர்களைவிடக் குறைந்த சூட்டிலும், அவ்வளவு கடுமையில்லாத குளிரிலும், லேசான அழுத்தத்திலுமே வலி தொடங்கிவிடுகிறது. மூளையும் தண்டுவடமும் வரும் செய்திகளைப் பெருக்கிவிடுகின்றன என்பதே இதற்கு இன்று பெரிதும் ஏற்கப்படும் விளக்கம். உங்கள் விரல்கள் குளிர்ந்த நீரில் கடுப்பதும் இதனோடு பொருந்துகிறது.

ஆனால் பொத்தானை அழுத்துபவர் நீங்கள்தான். கவனம், அச்சம், களைப்பு, கை அசையும் வேகம் எல்லாமே அளவில் கலந்துவிடும். நோயுள்ளவர்களில் பலருக்கு அளவுகள் இயல்பான எல்லைக்குள்ளேயே அமைவதும் உண்டு. அந்த அளவுகளுக்கும் அன்றாடம் படும் வலியின் கடுமைக்கும் உள்ள தொடர்பு வலுவானதன்று. நிரூபணத்துக்காக இச்சோதனையை நாடினால், இயல்பான முடிவு ஒன்று உங்களுக்கு எதிராகவே காட்டப்படும் என்பதுதான் என் கவலை. ஃபைப்ரோமயால்ஜியாவைக் கண்டறிய இது தேவையும் இல்லை. நீங்கள் சொல்லும் அறிகுறிகளையும் மருத்துவர் உடலைச் சோதித்து அறிவதையும் வைத்தே அது கண்டறியப்படுகிறது. ஒருவர் வலி என்று கூறுவதை மதிக்க வேண்டும் என்று, பன்னாட்டு வலி ஆய்வுச் சங்கம் 2020இல் திருத்திய, வலிக்கான வரையறையின் குறிப்புகளிலேயே சேர்த்திருக்கிறது. அடுத்த முறை மருத்துவரிடம் செல்லும்போது வீட்டாரில் ஒருவரை அழைத்துச் சென்று, இதை மருத்துவர் வாயாலேயே விளக்கச் சொல்லுங்கள்.

பாதங்களில் எரிச்சலோ மரத்துப்போதலோ இருந்தால் அதைத் தவறாமல் தெரிவியுங்கள். மெல்லிய நரம்பிழைகளே பழுதாகியிருக்கும் ஐயம் எழுந்தால், இச்சோதனையோடு, தோலில் சிறு துணுக்கு எடுத்து அந்த இழைகளை எண்ணிப் பார்க்கும் பரிசோதனையும் உண்மையாகவே பயன்படும்.